டபுள் சைலன்சர் வெச்சா கார் வேகமா போகுமா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷனை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். டூயல் எக்ஸாஸ்ட் சிஸ்டம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஃபிட்டிங் சார்ஜ் சேர்த்து 42,000 ரூபாய். கீழே ஒரே வரி: "மச்சி, போட்டுடலாமா?"

அவனுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். மூன்று வருடம் சேர்த்து வைத்த காசு பாதி, லோன் பாதி. இன்னும் 31 இஎம்ஐ பாக்கி இருக்கிறது. அவன் வீட்டில் முதல் கார் அதுதான். "எதுக்குடா இப்ப இது?" என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு வீடியோ லிங்க் வந்தது. நாற்பது செகண்ட் வீடியோ. "ரெண்டு குழாய் இருந்தா எஞ்சின் ஈஸியா மூச்சு விடும், பவர் கூடும்" என்று அதில் ஒரு குரல் அடித்துச் சொல்கிறது.

அந்தக் குரல் என்னுடையது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய ஸ்கிரிப்ட். நாலு வெப்சைட்டைப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் எழுதி, வாய்ஸ் ஓவரும் கொடுத்து முடித்தது. நல்ல வியூஸ் போனது. அதை நம்பி ஒருவன், அதுவும் எனக்குத் தெரிந்த ஒருவன், 42,000 ரூபாயை எடுத்து வைக்கப் போகிறான் என்றபோதுதான் உறைத்தது. அந்த வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் அது உண்மையாகும் கார் வேறு, என் நண்பன் ஓட்டும் கார் வேறு. இந்தக் கட்டுரை அந்த நாற்பது செகண்டுக்கான திருத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சைலன்சர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் அந்தச் சமாச்சாரத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எஞ்சினில் பெட்ரோல் எரிந்ததும் சூடான வாயு வெளியே வருகிறது. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் வாயுவைச் சேர்த்துக்கொள்வது மேனிஃபோல்டு. அடுத்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு மாதிரி ஒன்று உள்ளே இருக்கும். நச்சு வாயுக்களை முடிந்தவரை தீங்கு குறைந்ததாக மாற்றுவது அதன் வேலை. அதற்குப் பிறகு நீளமான குழாய், சத்தத்தை அடக்கும் மஃப்ளர், கடைசியாக வெளியே பளபளக்கும் டிப். நாம் ரோட்டில் நின்று பார்ப்பது இந்தக் கடைசி ஆறு அங்குலத்தை மட்டும்தான். "டபுள்" என்று முடிவு கட்டுவதும் அதை வைத்துத்தான். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

தியேட்டரில் படம் முடிந்து வெளியே வருகிறீர்கள் என்று வையுங்கள். ஹவுஸ் ஃபுல் கூட்டம் முழுக்க ஒரே ஒரு நீளமான காரிடார் வழியாக வந்துகொண்டிருக்கிறது. காரிடார் முடியும் இடத்தில், தெருவைத் தொடும்போது மட்டும் இரண்டு கேட். கூட்டம் சீக்கிரம் கலையுமா? கலையாது. நெரிசல் காரிடாரில் இருக்கிறது, கேட்டில் இல்லை. நம் ஊர் ஹேட்ச்பேக்கில் மாட்டப்படும் பெரும்பாலான 'டூயல் எக்ஸாஸ்ட்' இந்த வகைதான். எஞ்சினிலிருந்து பின் அச்சு வரை அதே ஒற்றைக் குழாய். டிக்கிக்குக் கீழே வந்ததும் இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் ஒன்று வலது பக்கம் ஒன்று என்று வெளியே எடுத்துவிடுவார்கள். இதைவிட எளிய ரகமும் உண்டு. ஒரே மஃப்ளர், அதன் வாயில் இரண்டு டிப். அதற்கும் கீழே இன்னொன்று: பம்பரிலேயே அச்சடித்த போலி டிப், உள்ளே கையை விட்டால் வெறும் பிளாஸ்டிக் சுவர். கம்பெனியிலிருந்து வரும் கார்களிலேயே இது இருக்கிறது. ஷோரூமில் அடுத்த முறை குனிந்து பாருங்கள்.

நிஜமான டூயல் என்றால் காரிடாரே இரண்டு. எஞ்சினிலேயே பிரிந்து, தனித்தனி கன்வெர்ட்டர், தனித்தனி குழாய், தனித்தனி மஃப்ளர் என்று கடைசி வரை போக வேண்டும். அதற்கு முதலில் எஞ்சின் இரண்டு பக்கமாகப் பிரிந்து இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் அது உண்மை

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1950-களின் அமெரிக்காவுக்குப் போய் நிற்கும். 1955-ல் செவ்ரோலே தன் புதிய வி8 எஞ்சினை அறிமுகம் செய்தது. 265 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 4.3 லிட்டர். சாதாரண மாடலுக்கு 162 குதிரைத்திறன். 'பவர் பேக்' என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கினால் 180. அந்தப் பேக்கில் இருந்தவை இரண்டு: பெரிய நான்கு வாய் கார்புரேட்டர், டூயல் எக்ஸாஸ்ட். பதினெட்டு குதிரை கூடியதில் கார்புரேட்டரின் பங்கு எவ்வளவு, குழாயின் பங்கு எவ்வளவு என்று வாங்கியவர்கள் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு குழாய் மட்டும்தான். இரண்டு குழாய் என்றால் பவர்ஃபுல் கார் என்பது அப்படியே மனதில் பதிந்துவிட்டது.

அங்கே அது நியாயமும்கூட. வி8 எஞ்சினில் ஒரு பக்கம் நான்கு சிலிண்டர், மறு பக்கம் நான்கு சிலிண்டர். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மேனிஃபோல்டு. இரண்டையும் ஒரே குழாயில் திணிப்பதுதான் அந்த எஞ்சினுக்குச் செயற்கை. செலவைக் குறைக்கத்தான் அப்படிச் செய்தார்கள். இரண்டாகவே விட்டுவிட்டால் எஞ்சின் தன் இயல்பில் மூச்சு விடுகிறது.

இதிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அமெரிக்க வி8-களில் பெரும்பாலானவற்றில் ஒரே பக்கத்துச் சிலிண்டர்கள் சீரான இடைவெளியில் வெடிப்பதில்லை. 90 டிகிரியில் ஒன்று, 180-ல் ஒன்று, 270-ல் ஒன்று என்று தாளம் தப்பித் தப்பி வரும். அந்த 'குடு குடு' உறுமல் பிறப்பது இந்த ஒழுங்கின்மையிலிருந்துதான். ஒரு குழாயில் நெரிசல், மறு குழாய் காலி என்ற நிலை மாறி மாறி வருவதால், இரண்டு குழாய்களையும் நடுவில் எங்காவது இணைத்துவிடுவார்கள். குறுக்காக ஒரு சின்னக் குழாய் போட்டால் எச்-பைப், இரண்டும் தொட்டுப் பிரிந்தால் எக்ஸ்-பைப். அதாவது முழுக்க முழுக்கத் தனித்தனியாக ஓடும் இரண்டு குழாயைவிட, வழியில் ஒருமுறை கைகுலுக்கிக்கொள்ளும் இரண்டு குழாய்தான் பொதுவாக நல்லது. "ட்ரூ டூயல்" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் ரேஸிங் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, அந்த போர்ஷே 911 ஜிடி3 கப் காரின் சத்தத்தை ரிங்டோனாக வைத்தவர்களில் என் நண்பனும் ஒருவன். அது 4 லிட்டர், ஆறு சிலிண்டர், 510 குதிரைத்திறன். சிலிண்டர்கள் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று படுத்திருக்கும். அந்த எஞ்சினிலிருந்து இரண்டு குழாய் கிளம்புவதில் அர்த்தம் இருக்கிறது.

நாலு சிலிண்டரில் கதை வேறு

என் நண்பனின் காரில் நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஒரு வெடி, அட்சரம் பிசகாத தாளம். எல்லாம் ஒரே பக்கமாக வாயுவை வெளியே தள்ளுகின்றன. இயற்கையாகவே ஒற்றைக் குழாய்க்கு ஏற்ற எஞ்சின் இது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1.2 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும் என்பதால், நிமிடத்துக்கு 3,600 லிட்டர், அதாவது செகண்டுக்கு 60 லிட்டர். வெளியே வரும்போது சூட்டில் அது இரண்டரை, மூன்று மடங்கு விரிந்திருக்கும். 5 லிட்டர் மஸ்டாங் வி8-ஐ 6,500 ஆர்பிஎம்மில் வைத்து இதே கணக்கைப் போட்டால், இழுக்கும் காற்று செகண்டுக்கு 270 லிட்டர். நான்கரை மடங்கு. அந்த அளவு வாயுவை வெளியேற்றத்தான் அவர்களுக்கு இரண்டு குழாய். ஓஎம்ஆர் சிக்னலுக்கு சிக்னல் நின்று, 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டாமல், ஆக்ஸிலரேட்டரைப் பாதிகூட மிதிக்காமல் ஆபீஸ் போகும் நமக்கு, அந்த 60 லிட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கம்பெனி போட்ட ஒற்றைக் குழாயே அந்த நேரத்தில் பாதி சும்மாதான் இருக்கிறது.

"சரி, தேவையில்லைன்னே வெச்சுக்குவோம். ரெண்டு போட்டா நஷ்டம் என்ன?" நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. இங்கேதான் மெக்கானிக் ஷெட்டுகளில் காலம் காலமாக ஓடும் ஒரு வாக்குவாதம் வருகிறது: எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம். எந்த எஞ்சினும் தன் புகையை எதிர்த்துத் தள்ள விரும்பாது. ஆனால் "பேக் பிரஷர் போச்சுன்னா பிக்கப் போயிடும்" என்று சொல்லும் மெக்கானிக் அண்ணன் கண்ணால் பார்த்தது பொய் இல்லை. காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார். வேண்டியது வேகம். கிராமத்துப் பாட்டி வீட்டில் ஊதாங்குழலைப் பார்த்திருப்பீர்கள். விரல் தடிமன் குழாய் வழியே ஊதினால் அடுப்பு திகுதிகுவென்று பற்றிக்கொள்ளும். அதே மூச்சை நாலு அங்குல பிவிசி பைப் வழியே ஊதிப் பாருங்கள், சாம்பல்கூடப் பறக்காது. மூச்சு அதேதான், வேகம் செத்துவிட்டது.

எஞ்சினிலும் அதுதான் நடக்கிறது. ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து ஓடும் வாயு, தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. அந்த வெற்றிடம் அடுத்த சிலிண்டரின் மிச்சப் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். புகை சுத்தமாக வெளியேறினால் புதுக் காற்றுக்கு அதிக இடம். குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் வாயு சோம்பேறியாக நகரும், இந்த இழுப்பு குறையும். அதிக ஆர்பிஎம்மில் கொஞ்சம் லாபம் தெரியலாம். ஆனால் சிட்டியில் நாம் வாழ்நாள் முழுக்க ஓட்டும் 1,500 முதல் 3,000 ஆர்பிஎம்மில் கார் மந்தமாகிவிடும். ஃப்ளைஓவர் ஏறும்போது செகண்ட் கியருக்கு இறங்க வேண்டி வரும்.

நான்கு சிலிண்டர் காரில் இரண்டு குழாய் நிஜமாகவே உதவும் ஒரு இடம் உண்டு. அது பின்னால் இல்லை, முன்னால், பானட்டுக்கு அடியில். ஒன்றாம் சிலிண்டரையும் நான்காவதையும் ஒரு ஜோடி, இரண்டையும் மூன்றையும் ஒரு ஜோடி என்று சேர்த்து, பிறகு இரண்டு ஜோடியையும் ஒன்றாக்கும் 4-2-1 மேனிஃபோல்டு. ஒரு ஜோடிக்குள் வெடிகளுக்கு நடுவே ஒரு முழுச் சுற்று இடைவெளி கிடைப்பதால் ஒன்றின் புகை இன்னொன்றின் வழியை மறிக்காது. ரேஸ் எஞ்சின் செய்பவர்கள் மெனக்கெடும் இடம் இதுதான். யாரும் இதைப் பார்க்க முடியாது, இன்ஸ்டாவில் போட முடியாது. இப்போதைய பாரத் ஸ்டேஜ் 6 கார்கள் பலவற்றில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுடனேயே வார்க்கப்பட்டு, கன்வெர்ட்டர் அதை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். கை வைக்கவே இடம் இருக்காது.

ஒற்றைக் குழாயிலேயே அதிக வாயு போக வேண்டும் என்றாலும், இரண்டாக்குவது தான் வழி என்பதில்லை. பள்ளிக்கூட வட்டப் பரப்பளவு சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2 அங்குலக் குழாய் இரண்டு போட்டால் மொத்தப் பரப்பு 6.28 சதுர அங்குலம். 3 அங்குலக் குழாய் ஒன்று போட்டால் 7.07. ஒரே குழாய், அதிக இடம். உரசும் சுவரும் குறைவு: இரண்டு குழாய்களின் சுற்றளவைக் கூட்டினால் 12.57 அங்குலம், ஒற்றைக் குழாய்க்கு 9.42. எடையும் கம்மி, ஒரு மஃப்ளர் போதும். நிஜ பெர்ஃபார்மன்ஸ் மட்டுமே குறி என்றால், வரிசை எஞ்சினுக்குச் சரியான அளவில் ஒரு நல்ல ஒற்றைக் குழாய்தான் என் தேர்வு. இதை ஒத்துக்கொள்ள எனக்கே கொஞ்சம் வருத்தம்தான். இரண்டு குழாய் பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை.

டர்போ கார் வெச்சிருக்கேன், அப்போ?

டர்போவில் கதை இன்னும் எளிது. வெளியேறும் புகை முதலில் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுத்தான் குழாய்க்கே வருகிறது. அந்தச் சக்கரத்தைத் தாண்டிய பிறகு ஊதாங்குழல் தத்துவமெல்லாம் பெரிதாக எடுபடாது. தாராளமான வழி இருந்தால் போதும். ஒற்றை வழியே அதற்கு ஏராளம்.

இதற்குச் சாட்சி நம் ரோட்டிலேயே ஓடுகிறது. ஹூண்டாய் 2021-ல் ஐ20 என் லைன் மாடலை இந்தியாவில் இறக்கியது. பின்னால் பளிச்சென்று இரட்டை டிப், கொஞ்சம் கனமான சத்தம், இறுக்கிய சஸ்பென்ஷன், மாற்றிய ஸ்டியரிங். உள்ளே இருந்தது 1 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ, 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் டார்க். அப்போது விற்பனையில் இருந்த சாதாரண ஐ20 டர்போவிலும் அதே எஞ்சின், அதே 120, அதே 172. எக்ஸாஸ்ட்டில் வேலை செய்த கம்பெனியே, எண்ணில் ஒரு குதிரைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. சத்தத்துக்கும் தோற்றத்துக்கும்தான் அந்த மாற்றம் என்று நேர்மையாக விட்டுவிட்டது. டொயோட்டாவின் ஜிஆர் யாரிஸ், ரேலிக்காகவே செய்த கார், 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின் கொண்டது. அதன் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டிப் தெரியும். அடியில் படுத்துப் பார்த்தால் எஞ்சினிலிருந்து வருவது ஒரே குழாய்.

நம் 1.2 லிட்டர் காரில் பின்பக்கக் குழாயை மட்டும் மாற்றினால் எவ்வளவு கூடும்? இசியுவில் எதையும் தொடாமல் போனால் பெரும்பாலும் இரண்டு மூன்று குதிரை, அதுவும் எஞ்சின் கத்தும் உச்சியில். பல நேரம் அதுவும் இல்லை. கூடவே வந்து சேரும் மஃப்ளரின் எடை அதையும் தின்றுவிடும். "ஆனா போட்டவங்க எல்லாம் பிக்கப் சூப்பரா இருக்குன்னு சொல்றாங்களே?" சத்தம் கூடினால் வேகம் கூடியதுபோல் தோன்றும், மச்சி. சைக்கிள் சக்கரத்தில் சிகரெட் அட்டையைச் சொருகிக்கொண்டு தெருவைச் சுற்றிய வயதில் நமக்குத் தெரிந்த உண்மை இது.

சரி, போலீஸ் பிடிச்சா?

இந்தப் பகுதியைத்தான் என் பழைய வீடியோ முழுசாக விட்டுவிட்டது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, 182ஏ பிரிவில், விதிக்குப் புறம்பாக வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சத்தம், புகை வரம்பை மீறினால் 190(2): முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அதோடு மூன்று மாதம் லைசென்ஸுக்குத் தகுதி இழப்பு. கேப் ஓட்டியோ, ஃபீல்டு வேலை பார்த்தோ பிழைக்கிறவருக்கு அந்த மூன்று மாதம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக ரோட்டில் அடுக்கி ரோட் ரோலர் ஏற்றும் வீடியோக்கள் பல இந்திய நகரங்களிலிருந்து வந்திருக்கின்றன. அவற்றில் இருந்தவை பெரும்பாலும் பைக் சைலன்சர்கள். காருக்கு வேறு சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம்.

கார் கம்பெனிக்கு இருக்கும் சத்த வரம்பு 74 டெசிபல். வண்டி முடுக்கத்தில் கடந்து போகும்போது ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் இல்லை. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சத்தம். கடையில் மாட்டித் தரும் குழாயை யாரும் இப்படி அளந்து தருவதில்லை. "சார், செம்ம பேஸ் சார்" என்பதுதான் அங்கே அளவுகோல்.

வேளச்சேரியில் மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டில் இருக்கிறேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஏதோ ஒரு வண்டி பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டு போகும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீல் என்று எழும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்திருக்கும் மாடி வீட்டு அண்ணன் பால்கனிக்கு வந்து நிற்பார். வண்டி போய் ஒரு நிமிடம் கழித்துத் தெரு நாய்கள் ஓயும். குழந்தை ஓய இன்னும் அரை மணி நேரம் ஆகும். அந்த வண்டியை ஓட்டியவருக்கு இதில் எதுவுமே தெரியாது. என் நண்பனிடம் இதைச் சொன்னபோதுதான் முதல் முறையாக அவன் பதில் பேசாமல் இருந்தான். அவன் அக்காவுக்கும் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. கடைக்காரர் "கேட்-ஐயும் எடுத்துடலாம் சார், இன்னும் ஃப்ரீயா இருக்கும்" என்று ஆரம்பித்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்ஸிஜன் சென்சார் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனர் வைத்தால் பி0420 என்று காட்டும். விளக்கை அணைக்கவும் 'ஏற்பாடு' செய்து தருகிறார்கள் என்பது தெரியும். ஆனால் அந்தக் குழாயின் முனை நிற்பது அடுத்த பைக்காரர் முகத்துக்கு நேரே. கன்வெர்ட்டர் இல்லாமல் வெளியேறும் கார்பன் மோனாக்சைடு சிக்னலில் அவருக்குத்தான் போகும்.

வாரன்டி இருக்கும் கார் என்றால், வெளியில் மாற்றிய பாகத்தால் வந்த கோளாறு என்று சொல்லி சர்வீஸ் சென்டர் கையை விரிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் நேரத்தில் அது ஒரு கேள்வியாக வந்து நிற்கும். 42,000 ரூபாய் கொட்டேஷனில் இந்த வரிகள் எதுவும் அச்சாகி வருவதில்லை.

வேகம் பிடிக்கும் என்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது, கோவையில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நிஜமாகவே இந்த ஆசை ரத்தத்தில் இருக்கிறவர்களுக்கு அங்கே ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது, பின்னால் இரண்டு குழாய் வைத்துக்கொண்டு மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். தனியாக டிராக் கார் ஒன்று வைத்து, இசியுவை முறையாக டியூன் செய்து, டைனோவில் ஏற்றி முன்னும் பின்னும் அளந்து பார்த்து, மேனிஃபோல்டிலிருந்து கடைசி வரை எக்ஸாஸ்ட்டை வடிவமைப்பது ஒரு அருமையான வேலை. அதில் சிங்கிளா டூயலா என்பது எஞ்சினைப் பார்த்து எடுக்கும் முடிவு. வி வடிவமா, படுத்த ஆறா, தயங்காமல் இரண்டு. வரிசையில் நிற்கும் மூன்றோ நான்கோ என்றால் ஒன்று.

நண்பனிடம் இவ்வளவையும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. "அப்போ அந்த வீடியோவ டெலீட் பண்ணு" என்றான். டெஸ்க்கில் பேசி எடுத்துவிட்டோம். அந்த 42,000-ல் நாலு நல்ல டயர் போட்டான். பழையது வழுவழுவென்று தேய்ந்து, மழையில் பிரேக் அடித்தால் வழுக்கிக்கொண்டிருந்தது. அதை அவன் கவனிக்கவே இல்லை. பிரேக் பேட், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றினான். மிச்சத்தை அடுத்த இஎம்ஐக்கு எடுத்து வைத்தான். "பிக்கப் கொஞ்சம் கூடின மாதிரி இருக்குடா" என்றான். அடைந்துபோன ஃபில்டரும் தேய்ந்த பிளக்கும் மாறியிருக்கின்றன, கூடியிருக்கலாம்.

போன வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தபோது பார்த்தேன், பின்னால் 900 ரூபாய்க்கு ஒரு குரோம் டிப் மட்டும் மாட்டியிருக்கிறான். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இது எதுக்குடா?" என்றேன். "சும்மா, அழகுக்கு" என்றான்.